மரக்காணம் கடற்கரை ஓய்வு இல்லங்கள்

கடற்கரை ஓய்வு இல்லம் என்பது விடுமுறைக் காலத்தில் தங்குவதற்கெனக் கடலை நோக்கிக் கட்டப்படும் வசதி மிக்க தனி வீடு ஆகும். பேச்சு வழக்கில் இது கடற்கரை பங்களா, பீச் ஹவுஸ், வில்லா எனவும் அழைக்கப்படுகின்றது. கிரேக்க நாட்டின் மிக்கோனொஸ், சந்தோரினி ஆகிய தீவுகளில் உள்ள இத்தகைய இல்லங்கள் உலக அளவில் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையிலான கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் காணப்படுகின்றன. இச்சாலையின் தென்பகுதியில் உள்ள மரக்காணம் கடற்கரையில், உப்பளங்களும் மீனவக் குப்பங்களும் ஓய்வு இல்லங்களும் ஒரே குறுகிய நிலப்பட்டையைப் பகிர்ந்து கொள்கின்றன. இதனால், கடலில் இருந்து எவ்வளவு தொலைவில் யார் கட்டலாம் என்பது இங்கு முக்கியமான கேள்வியாக உள்ளது.

அமைவிடம்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவிலும், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலும் அமைந்துள்ளது. தமிழ்நாட்டின் முக்கியமான உப்பு உற்பத்தி இடங்களுள் இதுவும் ஒன்று. ஆந்திராவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில் முடிவடைகின்றது. ஊரின் தென்மேற்கே கழுவெளி என்னும் உவர்நீர்ச் சதுப்பு நிலம் உள்ளது. 5,000 எக்டேருக்கும் மேற்பட்ட இந்நிலம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

உப்புப் பாத்திகளுக்குத் தாழ்வான, சமமான களிமண் நிலம் தேவை. வீடு கட்டுவதற்கு மேடான மணல் நிலம் ஏற்றது. எனவே கடலுக்கும் உப்பளங்களுக்கும் இடையே உள்ள மணல் மேடுகளே கட்டிடங்களுக்கு உரிய இடமாகின்றன. எக்கியார்குப்பம், கூனிமேடு முதலிய கடலோர ஊர்களும் இதே பட்டையில்தான் உள்ளன.

வரலாறு

இக்கடற்கரையில் கடலை நோக்கி எழுந்த பழைய பெருங்கட்டிடங்களுள் மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கம் அருகில் உள்ள ஆலம்பரைக் கோட்டை குறிப்பிடத்தக்கது. இது 1750 இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு வழங்கப்பட்டு, 1760 இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. அதன் சிதைந்த மதில்கள் இன்றும் காணப்படுகின்றன.

ஓய்வுக்காகக் கடலோரத்தில் வீடு கட்டும் வழக்கம் இப்பகுதிக்குப் பிற்காலத்தில் வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்டு, 2002 இல் சுங்கக் கட்டணச் சாலையான பின்னர் சென்னையில் இருந்து பயணம் எளிதாயிற்று. இதைத் தொடர்ந்து சாலையை ஒட்டிய நிலங்கள் வீட்டு மனைகளாகவும் விடுதிகளாகவும் மாறத் தொடங்கின.

கட்டிட அமைப்பு

கிரேக்கத் தீவுகளின் மரபு வீடுகள் தடித்த சுவர், சிறிய சாளரம், தட்டைக் கூரை, வெண்சுண்ணப் பூச்சு ஆகியவற்றைக் கொண்டவை. அத்தீவுகளில் ஆண்டு மழை பொதுவாக 400 மில்லிமீட்டருக்கும் குறைவு. புதுச்சேரிப் பகுதியிலோ இது சுமார் 1,300 மில்லிமீட்டர் ஆகும். அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் சில வாரங்களில் பெய்து விடுகின்றது. எனவே சரிவான ஓட்டுக் கூரை, அகன்ற தாழ்வாரம், உயர்த்திய அடித்தளம் ஆகியவை இங்கு பொருத்தமானவை.

உப்புக் காற்று கான்கிரீட்டில் உள்ள இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. துரு பருமனில் பெருகுவதால் கான்கிரீட் வெடித்து உதிர்கின்றது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 456:2000 விதி, கடற்கரையை நேரடியாக எதிர்கொள்ளும் கம்பி வலுவூட்டிய கான்கிரீட் குறைந்தது எம் 30 தரத்தில் இருக்க வேண்டும் எனக் கூறுகின்றது.

சட்ட விதிகள்

இந்திய அரசு 1991 பெப்ரவரி 19 அன்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் இதன் கீழ் வந்தது. ஊரகக் கடற்கரைகளில் முதல் 200 மீட்டர், கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதியாகும். 200 முதல் 500 மீட்டர் வரையிலான பகுதியில், மீனவ ஊர்கள் முதலியவற்றின் மரபுரிமைக்கு உட்பட்டு வீடுகள் கட்டலாம். கடற்கரை விடுதிகளுக்கு முன் அனுமதி வேண்டும். அவற்றுக்கான முக்கிய நிபந்தனைகள் பின்வருமாறு:

* மனையின் பரப்பு 0.4 எக்டேருக்குக் குறையக் கூடாது.
* கட்டிடம் இரண்டு தளங்களுக்கும் 9 மீட்டர் உயரத்துக்கும் மேற்படக் கூடாது.
* மணல் மேடுகளைச் சமப்படுத்தக் கூடாது.
* கடலில் இருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது.
* மக்கள் கடலுக்குச் செல்ல, விடுதிகளுக்கு இடையே 20 மீட்டர் அகல வழி விட வேண்டும்.

இவ்வறிவிக்கைக்குப் பதிலாக 2011 இலும் 2019 இலும் புதிய அறிவிக்கைகள் வெளியிடப்பட்டன. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் தடைப்பகுதியை 50 மீட்டராகக் குறைக்க 2019 அறிவிக்கை இடம் தருகின்றது. ஏனைய ஊரகப் பகுதிகளில் அது 200 மீட்டராகவே நீடிக்கின்றது.

நிலத்தடி நீர்

கடலோர மணலில் மழைநீர் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. மேல் மட்டம் சிறிது குறைந்தாலும் கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு ஏறி வரும். நீச்சல் குளத்துக்கும் புல்வெளிக்கும் ஆழ்துளைக் கிணற்றில் இருந்து மிகையாக நீர் எடுத்தால், அவ்வீட்டுடன் அருகில் உள்ள குப்பத்தின் குடிநீர்க் கிணறும் உவர்ப்பாகிவிடக் கூடும்.

இயற்கைப் பேரிடர்கள்

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை இக்கடற்கரையையும் தாக்கியது. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின் மழையில் மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின.

விமர்சனங்கள்

ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாடு அரசு 2005 மார்ச்சில் வெளியிட்ட வீட்டுவசதி ஆணை, 200 மீட்டருக்குள் வாழ்ந்த குடும்பங்களுக்கு அதற்கு அப்பால் புதிய வீடு கட்டித் தர முன்வந்தது. அதற்கு ஈடாகப் பழைய இடத்தை அவர்கள் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். மீனவர்கள் படகு நிறுத்தவும், வலை உலர்த்தவும், கடலின் நிறத்தையும் காற்றையும் பார்த்துத் தொழிலுக்குப் புறப்படவும் கரையோரம் தேவை. அவர்கள் பின்வாங்கிய இடத்தில் விடுதிகள் வரக்கூடும் என மீனவர் அமைப்புகள் அஞ்சின.

பிற நாடுகளிலும் இத்தகைய முரண்பாடு உண்டு. கிரேக்கத்தில் கடலோரம் பொதுச் சொத்து என 2001 ஆம் ஆண்டின் 2971 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. எனினும் வணிகச் சாய்வு நாற்காலிகள் கடற்கரையை அடைத்துக் கொண்டதை எதிர்த்து, 2023 இல் பாரொஸ் தீவு மக்கள் துண்டு விரித்துப் போராடினர். கேரளத்தில் வேம்பநாட்டு ஏரித் தீவு ஒன்றில் விதிகளை மீறிக் கட்டப்பட்ட கேப்பிக்கோ சொகுசு விடுதி, உச்ச நீதிமன்றத்தின் 2020 ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து 2022 முதல் இடிக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

* மரக்காணம்
* ஆலம்பரைக் கோட்டை
* கிழக்குக் கடற்கரைச் சாலை
* உப்பளம்
* பக்கிங்காம் கால்வாய்