கீழே ஆறு இல்லாத பாலம்

இன்றைய எபிசோடு ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. கேள்வி என்னுடையது இல்லை, அம்மாவுடையது.

2023 கோடையில அம்மா முதல்முறையா டொராண்டோ வந்திருந்தாங்க. நயாகரா, சி.என். டவர் எல்லாம் முடிஞ்ச பிறகு, "உனக்குப் பிடிச்ச இடம் எதுடா, அங்க கூட்டிட்டுப் போ"ன்னு கேட்டாங்க. நான் கூட்டிட்டுப் போனது காரிசன் கிராசிங். நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் மட்டுமான பாலம். சரியாச் சொன்னா ஒரு பாலம் இல்லை, இரண்டு. முழங்கால் வலியோட மெதுவா ஏறி, முதல் பாலத்தின் நடுவுல நின்னு எட்டிப் பார்த்துட்டு அம்மா கேட்டாங்க: "ஏன்டா, பாலம்ங்கிற, கீழ தண்ணியையே காணோமே?"

கீழே தண்டவாளம்தான். நான் சிரிச்சுட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி யோசிச்சப்போதான் அது எவ்வளவு சரியான கேள்வின்னு புரிஞ்சது. ஏன்னா அந்த இடத்துல ஒரு ஓடை இருந்தது. இப்பவும் இருக்கு, ஆனா மண்ணுக்கு அடியில, சாக்கடைக் குழாய்க்குள்ள.

வரைபடத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன், இல்லைன்னா பின்னாடி குழப்பமாகும். டொராண்டோ நகரத்துக்குத் தெற்கே ஒண்டாரியோ ஏரி. வடமேற்கிலிருந்து ஏரியை நோக்கி ஓடி வந்த ஒரு சின்ன நீரோட்டம்தான் காரிசன் க்ரீக். இன்றைக்கு அதன் பாதையில் வரிசையாகப் பூங்காக்கள் இருக்கின்றன: கிறிஸ்டி பிட்ஸ், பிக்ஃபோர்ட், டிரினிட்டி பெல்வுட்ஸ், ஸ்டான்லி பூங்கா, கடைசியில் யார்க் கோட்டை. ஓடை போய்விட்டது, அது தோண்டிவைத்த பள்ளங்கள் பூங்காக்களாக நின்றுவிட்டன. இந்த வரிசையில் ஸ்டான்லி பூங்காவுக்கும் கோட்டைக்கும் நடுவே இரண்டு ரயில் தடங்கள் வெட்டிக்கொண்டு போகின்றன. அவை பிரியும் இடத்தில் முக்கோண வடிவில் ஒரு நிலம். வடக்குப் பாலம் பூங்காவிலிருந்து முக்கோணத்துக்கு, தெற்குப் பாலம் முக்கோணத்திலிருந்து கோட்டைக்கு. அவ்வளவுதான் விஷயம். ஆனா இந்த "அவ்வளவுதான்" நடக்கறதுக்கு நூற்று அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

கோட்டையிலிருந்து ஆரம்பிப்போம். 1793-ல் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ இந்த ஓடை ஏரியில் கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு படை முகாம் அமைத்தார். காரிசன்னா படை முகாம், ஓடைக்குப் பெயர் அப்படி வந்ததுதான். அதற்கு முன் இது மிசிசாகா மக்களின் நிலம். 1787-லும் 1805-லும் நடந்த ஒப்பந்தங்கள் மூலமாக அது பிரிட்டிஷார் கைக்குப் போனது. அந்த ஒப்பந்தம் நியாயமானது இல்லைங்கற வழக்கு கடைசியில் 2010-ல் 14.5 கோடி கனடிய டாலர் இழப்பீட்டில் முடிந்தது. இருநூறு வருஷம் கழித்துக் கட்டிய பில். இதை ஞாபகத்துல வச்சுக்கோங்க.

1813 ஏப்ரல் 27. அமெரிக்கப் படை ஏரி வழியாக வந்து இறங்குகிறது. தாக்குப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் பிரிட்டிஷ் தளபதி ஷீஃப் பின்வாங்குகிறார். போகும்போது வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வெடிப்பில் பறந்து வந்த கல்லும் கட்டையும் விழுந்து அமெரிக்கப் பக்கம் 200-க்கும் அதிகமானோர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள். அவர்களுடைய தளபதி ஜெனரல் பைக்கும் அதில் இறந்தார். அடுத்த சில நாட்களில் ஊர் சூறையாடப்பட்டது, சட்டமன்றக் கட்டடங்கள் எரிந்தன. அடுத்த வருஷம் பிரிட்டிஷார் வாஷிங்டனைக் கொளுத்தியதுக்கு இதுவும் ஒரு காரணம்னு சொல்றவங்க உண்டு. அந்த நாளில் அமெரிக்கர்களோடு சரணடைவு பேசியவர்களில் ஒருவர் ஜான் ஸ்ட்ராச்சன் என்ற பாதிரியார். இவர் பெயரில் கோட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு சாலை இருக்கு. எழுத்துல ஸ்ட்ராச்சன், ஊர்க்காரங்க வாயில "ஸ்ட்ரான்". நான் முதல் வருஷம் முழுக்க தப்பாத்தான் சொல்லிட்டிருந்தேன். இந்தச் சாலை நம்ம கதைக்குள்ள இன்னொரு தடவை வரும்.

இன்றைக்குக் கோட்டையில் நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை வெடிப்புக்குப் பிறகு, 1813 முதல் 1815 வரைக்குள் திரும்பக் கட்டியவை. அப்போ கோட்டைச் சுவருக்குக் கீழேயே ஏரி அலை அடிச்சது. இப்போ போய்ப் பார்த்தா ஏரி கண்ணுக்கே தெரியாது. மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கரையைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள். டொராண்டோவில் ஃப்ரண்ட் ஸ்ட்ரீட் என்றொரு தெரு இருக்கு. ஒரு காலத்தில் அதுதான் நீர்முனை, ஊருக்கு முகப்பு. இன்றைக்கு அதன் முன்னால் இருப்பது ரயில் நிலையமும் அடுக்குமாடிகளும். மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோட்டைக் கடந்து தினமும் ஸ்கூலுக்குப் போன எனக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. அங்கேயும் ஏரி போயிடுச்சு, போர்டு மட்டும் மிச்சம்.

இப்போ ரயில். 1853 மே மாதம் டொராண்டோவிலிருந்து முதல் பயணிகள் ரயில் வடக்கே கிளம்பியது. அடுத்த சில வருஷங்களிலேயே குவெல்ஃப் பக்கம் ஒன்று, ஹாமில்டன் பக்கம் ஒன்று என்று மேற்கே போகும் பாதைகளும் வந்துவிட்டன. கோட்டையைச் சுற்றி இருந்தது திறந்த ராணுவ நிலம். வீடு இடிக்க வேண்டாம், ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டாம். பாதை போடுகிறவனுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்குமா? அப்படித்தான் கோட்டை ஊரிலிருந்து துண்டிக்கப்பட்டது. அந்த முக்கோண நிலமும் அப்போது உருவானதுதான். இன்னும் அதற்கு ஆர்ட்னன்ஸ் என்றுதான் பெயர், ராணுவத்தின் ஆயுதத் தளவாடத் துறையைக் குறிக்கும் சொல்.

ஓடையின் கதை இன்னும் சோகம். ஊர் வளர வளர எல்லாக் கழிவும் அதில் விழுந்தது. நாற்றமும் நோய்ப் பயமும் தாங்காமல் 1880-களில் அதைக் குழாய்க்குள் விட்டு மூட ஆரம்பித்தார்கள். ஓடை போனாலும் பள்ளம் இருந்தது, அதனால் தெருக்களுக்குப் பாலம் தேவைப்பட்டது. டிரினிட்டி பெல்வுட்ஸ் பூங்காவை ஒட்டி கிராஃபோர்ட் தெருவில் 1914-15-ல் மூன்று வளைவுகள் கொண்ட அழகான கான்கிரீட் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். ஐம்பது வருஷம்கூட முழுசா ஓடலை. 1960-களில் ப்ளூர் தெரு சுரங்க ரயிலுக்குத் தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வந்தபோது, இந்தப் பள்ளத்தில் கொட்டிவிட்டார்கள். பாலத்தை இடிக்கக்கூட இல்லை. அப்படியே புதைத்துவிட்டார்கள். இப்பவும் அந்தத் தெருவுல நடந்தா நீங்க ஒரு பாலத்து மேலதான் நடக்கறீங்க, ஆனா ரெண்டு பக்கமும் சமதரை. நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு எழுதிப் பிழைக்கிறவன். கட்டுமானத்தைப் பத்திப் பெரிசாப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனா நல்லா வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஒரு பாலத்தை உயிரோட புதைச்சாங்கன்னு முதல்ல படிச்சப்போ அந்தப் பக்கத்தை மூட முடியலை.

கோட்டைக்கு வந்த ஆபத்தும் ரயிலோடு நிற்கவில்லை. 1900-களின் தொடக்கத்தில் கோட்டைக்குள்ளேயே டிராம் பாதை விடலாம் என்று ஒரு யோசனை வந்து, மக்கள் எதிர்த்தார்கள். 1909-ல் நகராட்சி கோட்டையை மத்திய அரசிடமிருந்து வாங்கியது. 1934-ல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சரி, தப்பித்தது என்று நினைத்தால், 1958 வாக்கில் கார்டினர் விரைவுச்சாலை வருகிறது. வரைபடத்தில் கோடு நேராகக் கோட்டை மேலே போனது. கோட்டையை வேண்டுமானால் பெயர்த்து ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். பதினெட்டு வயசுப் பையன் ரூம் மாத்தற மாதிரி! வரலாற்று ஆர்வலர்கள் விடவில்லை. கடைசியில் சாலைதான் வளைந்தது. இன்றைக்கும் கோட்டைக்குத் தெற்கே அந்தச் சாலை கான்கிரீட் தூண்கள் மேல் ஒதுங்கிப் போவதைப் பார்க்கலாம். அந்தத் தூண்களுக்கு அடியில்தான் 2018 ஜனவரியில் பென்ட்வே என்ற நடைவெளி திறந்தது, குளிர்காலத்தில் ஐஸ் சறுக்கலாம்.

ஆக, கோட்டை பிழைத்தது. ஆனா தீவா பிழைச்சது. வடக்கே ரயில், தெற்கே விரைவுச்சாலை.

2018 இலையுதிர் காலத்துல நான் படிக்க வந்தப்போ, ஸ்டான்லி பூங்காவுக்குப் பக்கத்துல நாலு பேரா ஒரு வீட்டுல வாடகைக்கு இருந்தோம். ஏரியைப் பார்க்கணும்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கோட்டையின் கொடி தெரியுது. கூப்பிட்டா கேட்கிற தூரம். ஆனா கடக்க முடியாது. திரும்பி வந்து, அந்த ஸ்ட்ரான் சாலை வழியா, காருங்க பக்கத்துல உரசிப் போற மாதிரி சுத்திக்கிட்டுப் போகணும். அப்போ முக்கோணத்துல கிரேன் நின்னுக்கிட்டிருந்தது. என்ன கட்டறாங்கன்னு எனக்குத் தெரியாது.

அந்தப் பாலம் ஏழு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். 1812 போரின் இருநூறாவது ஆண்டுக்குள் கட்டி முடிப்பதாக ஒரு வடிவமைப்பு தயாராக இருந்தது. மதிப்பீடு 2 கோடி டாலரைத் தாண்டி ஏறியதும், 2011-ல் நகர மன்றக் குழு "இவ்வளவு செலவா, மலிவாக வேறு வழி பாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடி வடிவமைப்பு, மறுபடி டெண்டர், மறுபடி தாமதம். 2019 அக்டோபரில் திறந்தபோது ஆன செலவும் ஏறக்குறைய 2 கோடி டாலர்தான்.

செலவைக் கேட்கக் கூடாதுன்னு நான் சொல்லலை. பொதுப் பணம், கேட்கத்தான் வேணும். என் கோபம் வேற. எங்க வேலையில டெக்னிக்கல் டெட்னு ஒண்ணு சொல்வோம். அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி எழுதி வச்சிட்டுப் போயிடுவாங்க. வருஷங்கள் கழிச்சு வேற ஒருத்தன் வந்து சரி பண்ணுவான். மேனேஜர் அவனைத்தான் கேட்பார், "இதுக்கு ஏன் மூணு வாரம்?"னு. குறுக்கு வழி எழுதினவனை யாரும் கேட்க மாட்டாங்க, அவன் அப்பவே புரமோஷன் வாங்கிட்டுப் போயிருப்பான். 1850-களில் தண்டவாளம் போட்டபோது, அந்தப் பக்கம் நடந்து போகிறவனுடைய நூற்று அறுபது வருஷத்துச் சுற்றுவழியை யாரும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதவில்லை. ரயில் வேண்டாம்னா சொல்றேன்? நானும் தினமும் அதே தடத்துலதான் ஆபீஸ் போறேன். ஆனா 2011-ல அந்த அறையில் விலை கேட்கப்பட்டது ஒட்டுப் போடறதுக்கு மட்டும்தான். கிழிச்சதுக்கான விலை அங்க யார் கண்ணுலயும் படலை.

பாலத்தைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 மீட்டர் நீளம். ஒரு பக்கம் சாய்ந்த ஒற்றை வளைவு, அதிலிருந்து தொங்கும் தண்டுகள் பாதையைத் தாங்குகின்றன. வடிவமைத்தது பெடெல்டா நிறுவனம். வளைவு முழுக்க டூப்ளெக்ஸ் வகைத் துருப்பிடிக்காத எஃகு. ஆடம்பரமாத் தோணும். ஆனா இந்த ஊர்ல குளிர்காலம் முழுக்கப் பாதைகளில் உப்பைக் கொட்டுவாங்க. சாதாரண எஃகை அது அரிச்சுத் தின்னுடும், அடிக்கடி பெயின்ட் அடிக்கணும். கீழே ஓடுவதோ நகரத்தின் ரொம்ப மும்முரமான ரயில் தடங்கள். ஒவ்வொரு தடவையும் ரயிலை நிறுத்திவிட்டுச் சாரம் கட்டுவதைவிட, முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நல்ல எஃகு வாங்குவது லாபம். இந்தத் தடவை யாரோ பின்னாடி வரப்போறவனை நினைச்சிருக்காங்க.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேட்டா, பாதிதான். முக்கோண நிலத்தில் இப்போது உயரமான அடுக்குமாடிகள். பாலத்துக்குப் பக்கத்துல வீடுன்னா வாடகை எப்படின்னு நீங்களே யூகிக்கலாம். நாங்க நாலு பேர் இருந்த வீட்டையும் 2020-க்குப் பிறகு காலி பண்ணிட்டோம். இப்போ நான் ஸ்கார்பரோவுல இருக்கேன், பாலத்துக்கு வரணும்னா ஒரு மணி நேரம் ஆகும்.

போகணும்னு நினைக்கிறவங்களுக்கு: குவீன் தெருவில் டிரினிட்டி பெல்வுட்ஸ் பூங்காவின் பழைய கல் வாசலில் ஆரம்பிங்க. உள்ளே நாய்கள் ஓடி விளையாடும் ஒரு பெரிய பள்ளம் இருக்கும், அது ஓடை விட்டுப்போனது. அங்கிருந்து தெற்கே ஸ்டான்லி பூங்கா, இரண்டு பாலம், கோட்டை, அப்புறம் ஏரிக்கரையில் கொரனேஷன் பூங்கா.

அன்னைக்கு அம்மாவும் நானும் ரெண்டாவது பாலத்துல நின்னப்போ கீழே ஒரு பச்சை நிற கோ ரயில் போச்சு. அம்மா கை காட்டினாங்க. டிரைவர் ஹார்ன் அடிச்சார். அப்புறம் கோட்டை வாசல்ல பெஞ்சுல உட்கார்ந்து, "அந்த ஆறு இப்போ எங்கதான்டா போகுது?"ன்னு கேட்டாங்க. சுத்திகரிப்பு நிலையத்துக்கும்மான்னு சொன்னேன்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.