பிஃபிடோ: கவைக்குச்சியின் பெயர்

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குப் புரோபயாடிக் வாங்குகிறவர்கள் மருந்துப் பெட்டியில் அடிக்கடி பார்க்கும் சொல் ‘பிஃபிடோ’. லத்தீனில் ‘பிஃபிடுஸ்’ என்றால் இரண்டாகப் பிளந்தது. நம் ‘கவை’தான் அது. 1899இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் ஹென்றி டிஸ்ஸியே, தாய்ப்பால் குடிக்கும் சிசுவின் மலத்தில் நுனி கவைத்த குச்சிக் கிருமிகளைக் கண்டார். கண்ட உருவத்தையே பெயராக்கி ‘பேசில்லஸ் பிஃபிடுஸ்’ என்றார். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளிடம் இவை குறைந்திருந்ததால், வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் அவருக்கே வந்துவிட்டது. ‘புரோபயாடிக்’ என்ற சொல் அப்போது பிறக்கவே இல்லை.

1924இல் டென்மார்க்கின் ஓர்லா-யென்சன் இவற்றைத் தனிப் பேரினமாக்கி ‘பிஃபிடோபாக்டீரியம்’ எனப் பெயர் சூட்டினார். பலர் ஏற்கவில்லை, ‘லாக்டோபேசில்லஸ் பிஃபிடுஸ்’ என்றே நெடுங்காலம் எழுதினார்கள். 1970களில்தான் புதுப் பெயர் நிலைத்தது.

ஐ.பி.எஸ். நோயாளிக்கு முக்கியமானது பெயரின் வாலில் வரும் எண்தான். அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் மனிதக் குடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கிருமி, ‘பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் 35624’ என்ற பெயரில் சோதனைக்குப் போனது. 2006இல் வெளியான ஆய்வில், 362 பெண்களுக்கு நான்கு வாரம் அதை வெவ்வேறு அளவுகளிலோ, வெற்று மாத்திரையையோ கொடுத்தார்கள். பத்துக் கோடி கிருமிகள் கொண்ட கேப்ஸ்யூல், வெற்று மாத்திரையைவிட வயிற்றுவலியையும் உப்புசத்தையும் நன்றாகவே குறைத்தது. ஆயிரம் கோடி கொண்டதோ பயன்படவில்லை. காரணம் சுவையானது: உள்ளிருந்த தூள் ஈரம் பட்டதும் பசைக்கட்டியாக இறுகிப்போனது, கரையவே இல்லை. அதிகம் இருந்தால் அதிக நன்மை என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பின்னர் மரபணுவை அலசியதில் அது இன்ஃபான்டிஸே அல்ல, ‘லாங்கம்’ என்று தெரிந்தது. பெயர் மாறியது, 35624 மாறவில்லை. நோயாளியின் வயிற்றில் சோதிக்கப்பட்டது அந்த எண்ணுக்குரிய கிருமிதான். வெறும் ‘பிஃபிடோ’ என்று மட்டும் அச்சிட்ட பெட்டிக்கு அந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவது நியாயமில்லை என்பேன்.

இந்த ஒரு கிருமியோடு விவாதம் தீரவில்லை. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல், ஐ.பி.எஸ்.ஸுக்குப் புரோபயாடிக்கை ஆய்வுகளுக்குள் மட்டும் கொடுங்கள் என்றது. மறு ஆண்டே பிரிட்டிஷ் சங்கம் சற்று இளகியது: இந்த இனம்தான் என்று சுட்ட முடியாது, விரும்புகிறவர்கள் 12 வாரம் வரை சாப்பிட்டுப் பார்க்கலாம், குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம்.