‘கேன்சரிலிருந்து மீண்டவரா நீங்கள்?’ - ஃபேஸ்புக்கில் வரும் அழைப்பை நம்பலாமா?

“புற்றுநோய் சிகிச்சை முடிந்துவிட்டதா? எங்கள் ஆய்வில் பங்கேற்க விருப்பமா? இங்கே க்ளிக் செய்யுங்கள்.”

ஃபேஸ்புக்கில் ஒரு சமையல் வீடியோவுக்கும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண போட்டோவுக்கும் நடுவே இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? ‘ஏதோ ஃபிராடு’ என்று பலரும் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். சிலருக்கோ, ‘எனக்குக் கேன்சர் வந்தது இவங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று திக்கென்று இருக்கும். இரண்டுமே நியாயமான சந்தேகங்கள்தான். ஆனால், இப்படி ஆள் சேர்ப்பது மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் உண்மையிலேயே செய்கிற வேலை.

ஏன் ஃபேஸ்புக்குக்கு வருகிறார்கள்?

சிகிச்சையில் இருப்பவரை மருத்துவமனையிலேயே பார்த்துப் பேசிவிடலாம். சிகிச்சை முடித்தவர் அப்படியல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வருவார். மற்ற நாள்களில் அவருக்கு ஆபீஸ், பிள்ளைகளின் ஸ்கூல், வீட்டுக் கடன் என்று வேறு வாழ்க்கை. ஆனால் அவருடைய கேள்விகள் பல அப்போதுதான் ஆரம்பிக்கின்றன. கீமோ முடிந்தும் விரல்கள் ஏன் மரத்துப்போகின்றன, மாடி ஏறினாலே ஏன் இவ்வளவு களைப்பு, நோய் திரும்ப வராமலிருக்க என்ன செய்யலாம்... இதற்கெல்லாம் பதில் வேண்டுமென்றால், மீண்டவர்களை வைத்துத்தான் ஆய்வு செய்ய முடியும்.

ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஓர் உதாரணம். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்தவர்கள் முறையாக உடற்பயிற்சி செய்தால் பலன் உண்டா என்று ‘சேலஞ்ச்’ என்ற ஆய்வு 2009-ல் தொடங்கியது. பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்த 55 மையங்கள் சேர்ந்தும், 889 பேரைச் சேர்த்து முடிக்கப் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது. 2025-ல்தான் முடிவு வந்தது. பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 37 சதவிகிதம் குறைவு. ஆட்கள் சீக்கிரம் கிடைத்திருந்தால், இந்த பதிலும் சீக்கிரம் கிடைத்திருக்கும் இல்லையா?

முந்நூறு பேரை எங்கே தேடுவது?

பெருங்குடல் புற்றுநோய் பரவலான நோய். அதற்கே இந்தப் பாடு என்றால், அரிய வகைப் புற்றுநோய்க்கு? ஆஞ்சியோசார்கோமா என்று ஒன்று இருக்கிறது. ரத்தக்குழாய்களின் உட்சுவரில் வருவது. அமெரிக்காவில் ஒரு வருடத்துக்குச் சுமார் 300 பேருக்குத்தான் வருகிறது. பெரிய மருத்துவமனையில்கூட விரல்விட்டு எண்ணிவிடலாம். எத்தனை வருடம் காத்திருந்தாலும் ஓர் ஆய்வுக்குத் தேவையான ஆட்கள் ஒரே இடத்தில் சேரமாட்டார்கள்.

ஆனால் நோயாளிகள் ஏற்கெனவே ஓர் இடத்தில் சேர்ந்திருந்தார்கள், ஃபேஸ்புக் குழுவில். கோரி பெயின்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2010-ல் இந்த நோய் வந்தது. தன்னைப்போல் இன்னொருவரைத் தேடி அவர் போன இடம் அந்தக் குழு. பிற்பாடு அவர் பாஸ்டன் பக்கத்திலுள்ள பிராட் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தபோது, அங்கே நிகில் வாக்லே என்ற டாக்டரின் தலைமையில் பரவிய மார்பகப் புற்றுநோய்க்கான ஆய்வு ஒன்று 2015-ல் ஆரம்பித்தது. நோயாளிகளை ஆன்லைனில் நேரடியாக அழைக்கும் ஆய்வு அது. அதே வழியில் 2017 மார்ச்சில் ஆஞ்சியோசார்கோமா புராஜெக்ட் தொடங்கியது.

நடைமுறை ரொம்ப எளிது. இணையத்தில் படிவம் நிரப்பி ஒப்புதல் தர வேண்டும். எச்சில் சேகரிக்கும் சின்ன டப்பா வீட்டுக்குத் தபாலில் வரும். துப்பித் திருப்பி அனுப்பினால் போதும். சிகிச்சை ஆவணங்களையும், ஏற்கெனவே எடுத்து வைத்த பயாப்ஸி திசுவையும் மருத்துவமனைகளிலிருந்து ஆராய்ச்சிக் குழுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

18 மாதங்களில் 338 பேர் சேர்ந்தார்கள். வருடத்துக்கு 300 பேருக்கு வரும் நோயில் 338 பேர்!

அவர்களில் 36 பேரின் கட்டிகளை ஆராய்ந்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. தலை, முகம், கழுத்துப் பகுதியில் வந்த கட்டிகளில் வெயிலின் புற ஊதாக் கதிர் விட்டுப்போன மரபணுச் சேதம் ஏராளமாக இருந்தது. இப்படிச் சேதம் அதிகமுள்ள கட்டிகள் பெரும்பாலும் இம்யூனோதெரபிக்கு நன்றாக அடங்கும். ஆவணங்களைப் புரட்டினால், அந்த மருந்தை எடுத்துக்கொண்ட இரண்டு பேர் அசாதாரணமாகத் தேறியிருந்தார்கள். இது 2020-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியானது. அடுத்த வருடம் வெளியான வேறொரு கிளினிக்கல் டிரயலில், முகத்திலோ உச்சந்தலையிலோ இந்த நோய் வந்த ஐந்து பேரில் மூன்று பேருக்கு இரட்டை இம்யூனோதெரபியில் கட்டி சுருங்கியது. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால், அதற்கு முன் கையில் அதுகூட இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஆஞ்சியோசார்கோமா புராஜெக்ட் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. தகவலும் திசுவும் மட்டுமே வாங்கியது. கிளினிக்கல் டிரயல் என்பது புதிய மருந்தையோ சிகிச்சையையோ உங்களிடம் முயன்று பார்ப்பது. விளம்பரத்தில் இரண்டுமே ‘ஆய்வு’ என்றுதான் இருக்கும். எது என்று முதலில் கேளுங்கள்.

சரி, ரகசியம் என்னாகும்?

2018-ல் அமெரிக்காவில் ஒரு விஷயம் வெளியே வந்தது. மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ மரபணு மாற்றம் உள்ள பெண்கள், ஃபேஸ்புக்கில் ஒரு ‘குளோஸ்டு’ குரூப் வைத்திருந்தார்கள். உள்ளே பேசுவது வெளியே தெரியாது என்றுதான் நம்பியிருந்தார்கள். ஆனால், உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை வெளியாள் மொத்தமாக டவுன்லோடு செய்யக்கூடிய நிலை இருந்தது. குழுவை நடத்தியவர்களே கண்டுபிடித்துக் குரல் கொடுத்த பிறகு ஃபேஸ்புக் அந்த வழியை அடைத்தது. அதேபோல, ‘கீமோதெரபி’, ‘நுரையீரல் புற்றுநோய் விழிப்புணர்வு’ போன்றவற்றில் ஆர்வம் காட்டுபவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யும் வசதியும் ரொம்ப காலம் இருந்தது. மெட்டா நிறுவனம் 2022 ஜனவரியில்தான் அதை நீக்கியது. ‘எப்படித் தெரியும்?’ என்று திக்கென்றிருந்தவர்களுக்கான பதில் இதில் இருக்கிறது.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல். விளம்பரத்தின் கீழே ‘எனக்கு ரெண்டாவது ஸ்டேஜ், 2019-ல ஆபரேஷன் ஆச்சு’ என்று கமென்ட் போட்டால், அதை ஆராய்ச்சியாளர் பார்க்கிறாரோ இல்லையோ, பொண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் சம்பந்தி வீட்டார் பார்த்துவிடுவார்கள். ‘அம்மாவுக்கு இருந்துச்சாமே’ என்று பேச்சை முறித்துக்கொள்ளும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பொதுவில் கமென்ட் வேண்டாம். போன் நம்பரையும் ரிப்போர்ட்டையும் யாருடைய இன்பாக்ஸுக்கும் அனுப்ப வேண்டாம்.

ஆய்வில் சேர்ந்த பிறகும் வாய்க்குக் கொஞ்சம் பூட்டு தேவை. பல டிரயல்களில் உங்களுக்குக் கிடைப்பது உண்மையான மருந்தா, வெறும் மாத்திரையா என்பது உங்களுக்கோ டாக்டருக்கோ தெரியாது. ‘எனக்கு வாய் கசக்குது, உங்களுக்கு?’ என்று வாட்ஸ்அப்பில் ஒப்பிட ஆரம்பித்தால் யார் யாருக்கு எது என்பது ஊகமாக வெளியே வந்துவிடும். ஆய்வு கெட்டுப்போகும். பக்கவிளைவை ஆய்வுக் குழுவிடம் உடனே சொல்ல வேண்டும். அதற்குத் தடை கிடையாது.

இந்த வழிக்கு ஒரு குறையும் உண்டு. அமெரிக்காவில் இப்படிச் சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையினத்தவர். கையில் போன், படிப்பதற்கு ஆங்கிலம், யோசிப்பதற்கு நேரம் இருப்பவர்களைத்தான் விளம்பரம் எட்டும். மகனின் போனில் யூடியூப் பார்க்கிற அம்மாவை எட்டாது.

க்ளிக் செய்வதற்கு முன்...

இந்தியாவில் கிளினிக்கல் டிரயல்களை ‘சி.டி.ஆர்.ஐ’ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009-லிருந்து கட்டாயம். அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். விளம்பரத்தில் பதிவு எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எந்த மருத்துவமனை, பொறுப்பான டாக்டர் யார், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கிடைத்ததா என்பதெல்லாம் அங்கே இருக்கும். பதிவு எண் இருப்பதால் மட்டும் ‘இந்த மருந்து நல்லது’ என்று அரசு சான்று கொடுத்ததாக அர்த்தமில்லை.

ஆய்வு மருந்துக்கு ‘அட்வான்ஸ்’ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘நிச்சயம் குணமாகும்’ என்றாலும் அப்படியே. நிச்சயம் தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லையே! ஆய்வால் உடலுக்குப் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன 2019-ல் வந்த மத்திய அரசின் விதிகள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகும், எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.

வெளிநாட்டு ஆய்வு என்றால் எந்த நாட்டினருக்கு என்று முதலில் பாருங்கள். ஆஞ்சியோசார்கோமா புராஜெக்ட்கூட அமெரிக்கா, கனடாவில் வசித்தவர்களை மட்டும்தான் சேர்த்தது.

டமோக்சிஃபென் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பவர்கள், புதிய மருந்து அதனுடன் ஒத்துப்போகுமா என்று தங்கள் கேன்சர் டாக்டரிடம் கேட்காமல் சேரக் கூடாது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, ஃபைலின் மேலேயே அந்தப் பதிவு எண்ணை எழுதி எடுத்துப் போங்கள்.