படுக்கையோரப் பையும் புவியீர்ப்பும்

நீர் மேலிருந்து கீழே பாயும் என்பது நீங்கள் அறிந்ததே. முதியோர் இல்லங்களில் மருத்துவர் எழுதும் சிறுநீர்ப்பைப் பராமரிப்பு உத்தரவுகளுள் முக்கியமான ஒன்று இவ்விதியையே சார்ந்தது.

1930களில் அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஃபோலி பலூன் பொருத்திய வடிகுழாயை உருவாக்கினார். சிறுநீர்ப்பைக்குள் பலூனை உப்பச் செய்தால் குழாய் நழுவாது. ஆனால் சிறுநீர் திறந்த கலத்தில் வடிந்தது. நான்கே நாட்களில் ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் கிருமிகள் பெருகின. குழாயையும் பையையும் மூடிய ஒரே அமைப்பாக்கினால் தொற்று வெகுவாகக் குறையும் என்பதை 1966இல் கியூனினும் மெக்கார்மக்கும் காட்டினர்.

பையைச் சிறுநீர்ப்பைக்கு மேலே உயர்த்தினால் தேங்கிய நீர் கிருமிகளோடு திரும்பிப் பாயும். குழாய் மடங்கினால் ஓட்டம் நின்றுவிடும். இணைப்பைக் கழற்றினால் கிருமிகளுக்கு வாயில் திறக்கும்.

மூடிய அமைப்பும் நெடுநாள் காக்காது. குழாய் வாரக்கணக்கில் இருந்தால் கிருமிகள் வந்தே தீரும். எனவேதான், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுந்த அமெரிக்க முதியோர் இல்ல விதிகள், மருத்துவத் தேவையின்றி வடிகுழாய் பொருத்துவதைத் தடுத்தன.

உத்தரவை எழுதுபவர் மருத்துவர். அதற்கு உயிர் கொடுப்பவர் பராமரிப்பாளர். படுத்திருக்கும் முதியவரைக் காணச் செல்லும்போது நீங்களும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பை தாழ்வாகத் தொங்குகிறதா? குழாய் இன்னும் தேவைதானா?