தொழும்பும் உரித்தும்: திருகோணமலைக் குடியேற்ற மரபில் முன்னோர்

திருகோணமலையின் குடியேற்றத்தைப் பேசும் தலையாய நூல் கவிராஜ வரோதயரின் ‘கோணேசர் கல்வெட்டு’. பெயரில்தான் கல்வெட்டு, செய்யுளும் உரைநடையும் கலந்து ஏட்டில் வழங்கிய நூல் அது. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த மன்னன் குளக்கோட்டன் காரைக்காலிலிருந்து தானத்தார், மருங்கூரிலிருந்து வரிப்பத்தார் என்னும் கோயில் ஊழியக் குடிகளை அழைத்துவந்து குடியிருத்தினான்; அவர்களுக்குள் வழக்கு எழுந்தால் தீர்த்துவைக்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை வரவழைத்தான் என்கிறது அது. குளக்கோட்டனுக்குக் காலம் கணிப்பதிலேயே நம் ஆய்வாளர்களின் உழைப்பில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. நூலின் அக்கறை அதுவன்று.

கடல் கடந்து வந்த குடிகள் எந்தத் துறையில் இறங்கினார்கள், வழியில் மாண்டவர் யார், முதல் மாரியை எப்படித் தாண்டினார்கள் என்பவற்றுக்கு அதில் இடமில்லை. எந்தக் குடிக்கு எந்தத் தொழும்பு (ஊழியம்), அதற்கு ஈடாக என்ன அனுபவம், தவறினால் என்ன கேடு என்பவையே விரிகின்றன. வழித்தோன்றல்களின் உரிமையை நிறுவ எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே முன்னோரின் வாழ்வு அங்கே எழுதப்படுகிறது என்பது என் வாதம்.

இது நினைவின் வறுமையா? அமெரிக்காவின் யூட்டாவில் வாழும் மார்மன் சமயக் குடும்பங்களை நோக்கினால் அப்படித் தோன்றாது. 1847இலிருந்து 1869இல் இரயில் பாதை இணையும்வரை சமவெளி கடந்து சென்றவர்களை அவர்கள் முன்னோடிகள் என்பார்கள். அவர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் பேணுவார்கள். இறந்த முன்னோருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் 1840இல் தொடங்கியது. அதற்கு ஆளின் பெயர் வேண்டும். 1894இல் யூட்டா வம்சாவளிச் சங்கம் எழுந்ததன் பின்னணியும் இதுவே. மார்மன்களுள் ஒருவரான சான்சி வெஸ்ட் 1853இல் சமயப் பணிக்காகக் கல்கத்தா வழியாக இலங்கைக்கும் வந்தார். வரவேற்பின்றித் திரும்பி, யூட்டாவின் ஆக்டனில் ஆயரானார். வந்துபோன அவருடைய வாழ்க்கை நமக்குக் கிடைக்கிறது. இங்கேயே வேரூன்றியதாகச் சொல்லப்படும் பூபாலனுக்கோ பெயரும் பதவியும்தான். அங்கே சடங்கு தனி ஆளைக் கேட்டது, இங்கே கோயில் குடியைக் கேட்டது. எது தேவையோ அது பதிவாயிற்று.

நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டும் இதற்கு இசைவானதே. கோணமாமலை இறைவனுக்கு 250 வேலி நிலம் அளித்ததை அது சொல்கிறது. உழுதவர் யாரென்று சொல்லவில்லை.

அங்கிருந்து வடக்கே, களப்பு கடலோடு சேரும் இறக்கக்கண்டி. தானத்தார், வரிப்பத்தார் என்ற வரிசைக்கு வெளியே நின்ற கரையோர முஸ்லிம் மீனவக் குடும்பங்களின் ஊர். இத்தகைய ஊர்களுக்கு முன்னோரை உண்டாக்கித் தரும் ஏடு வேறு: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு வழங்கப்படும் உத்தரவுப்பத்திரம், பேச்சில் ‘பெர்மிட்’. அதில் பெயர் ஏறியவரே சட்டத்தின் கண்ணில் முதற் குடியேறி. காடு வெட்டிய அண்ணன் தம்பிமார் மறைந்துபோவார்கள். பின்னுரித்தாளர் குறிக்கப்படாவிட்டால், அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை நெடுங்காலம் மகளுக்கு முன்னால் மகனை நிறுத்தியது. தாய்வீட்டு வளவு மகளுக்குச் சீதனமாகப் போகும் கிழக்குக் கரையில் இந்த ஏற்பாடு வம்சக் கதையின் வழியையே திருப்பிவிட வல்லது. போரும் 2004இன் ஆழிப்பேரலையும் குடும்பங்களைக் காகிதங்களோடு சேர்த்துச் சிதறடித்த ஊர்களில், குடியேற்ற வரலாற்றைத் தேடுபவர் பெர்மிட்டை மட்டும் நம்பக் கூடாது. அதை மறுத்து எழுந்த காணித் தகராறுகளையும் படிக்க வேண்டும். பெண்களின் பெயர்கள் அங்கே அகப்படக்கூடும்.