பல்லும் உடலன்றோ?

“பல்வலிதானே! இரண்டு நாளில் போய்விடும். கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்!”

இப்படிச் சொல்லாத வீடில்லை; கேளாத செவியில்லை. கண்ணிலே வலி என்றால் பதறுகிறோம். நெஞ்சிலே வலி என்றால் நடுங்குகிறோம். பல்லிலே வலி என்றால் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம். உடலுக்கு வந்தால் நோய், பல்லுக்கு வந்தால் தொல்லை! இதுவே நாம் போட்டு வைத்திருக்கும் கணக்கு.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும்? 2007ஆம் ஆண்டு, செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, மேரிலாந்து மாநிலத்திலே, 12 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். போரிலே அல்ல, புயலிலே அல்ல, பல்லிலே! சொத்தைப் பல்லிலே தொடங்கிய சீழ், மூளை வரை பரவிற்று. அந்தப் பல்லைக் காலத்தில் பிடுங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு 80 டாலர். பிடுங்காததால், மூளையிலே அறுவை செய்து, இரண்டு லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டும் பிள்ளை பிழைக்கவில்லை. ஏழைகளுக்கென அரசு நடத்தும் மருத்துவ உதவித் திட்டத்திலே சேர்ந்திருந்த குடும்பங்களுக்கும் பல் மருத்துவர் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது.

80 டாலர் குறுக்கே நின்று ஓர் உயிரைக் கொண்டுபோயிற்று. பல்லை உடலிலிருந்து பிரித்து வைத்தது யார்? இயற்கையா? இல்லை, தோழர்களே! இயற்கை பல்லைத் தாடையோடும், தாடையைக் குருதியோடும், குருதியை இதயத்தோடும் இணைத்தே வைத்திருக்கிறது. பிரித்தவன் மனிதன். அந்தப் பிரிவினையின் வரலாற்றை அறிந்தால்தான், இன்று பல் காப்பீட்டுத் தாள்களிலே காணும் சொற்களின் பொருள் நமக்கு விளங்கும்.

முதலில் வந்தது மடமை. பல்லைப் புழு அரிக்கிறது என்று பாபிலோனியர் களிமண் ஏட்டிலே எழுதி வைத்தனர். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே குடியிருக்கத் தனக்கு இடம் வேண்டுமென்று புழு கடவுளிடம் கேட்டு வாங்கிக்கொண்டதாம்! அந்தப் புழு பல்லாயிரம் ஆண்டுகள் சாகவில்லை. ஐரோப்பாவிலே விதைகளைப் பொசுக்கிப் புகை பிடித்துப் புழுவை வெளியே வரவழைத்தனர். நம் ஊரிலே கண்டங்கத்திரி விதையைப் புகைத்தனர். பூச்சிப்பல் என்ற சொல் இன்றும் நம் நாவிலே இருக்கிறது. கிறித்தவ நாடுகளிலே பல்வலிக்கென்றே ஒரு புனிதவதி இருந்தாள். அப்பொலோனியா என்பது அவள் பெயர். வேண்டுதல் நடந்தது, காணிக்கை விழுந்தது, வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

1728இல் பிரான்சு நாட்டிலே பியேர் ஃபொஷார் என்ற அறுவை மருத்துவர், பல் மருத்துவம் பற்றி இரு பகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ‘தேடிப் பார்த்தேன், புழு இல்லை’ என்ற கருத்தை அதிலே துணிந்து கூறினார். 1890இல் வில்லோபி மில்லர் என்ற அறிஞர், வாயிலே வாழும் கிருமிகள் நாம் தின்னும் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலமே பல்லின் ஓட்டைக் கரைக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். புழுவும் இல்லை, போன பிறவிப் பாவமும் இல்லை. சோற்றுப் பருக்கையும் சர்க்கரையும் கிருமியும்தான்!

மடமையோடு கைகோத்து வந்தது ஏற்றத்தாழ்வு. பல் பிடுங்கும் வேலையை ஐரோப்பாவிலே நெடுங்காலம் செய்தவர்கள் முடி திருத்துவோரும் சந்தையிலே கடை விரித்தோருமே. கற்றறிந்த மருத்துவர் அதைத் தம் தகுதிக்குக் குறைவென ஒதுக்கினர். அதே வேளையில் சீமான்களுக்கு மட்டும் பல் வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டு இலண்டனிலே ஏழையின் வாயிலிருந்து நல்ல பல்லைப் பிடுங்கிப் பணக்காரர் வாயிலே பதிக்கும் கொடுமை நடந்தது. புகைபோக்கி துடைக்கும் ஏழைச் சிறுவனின் பல், சீமாட்டிக்காகப் பிடுங்கப்படும் காட்சியை 1787இல் ரோலண்ட்சன் என்ற ஓவியர் கேலிச் சித்திரமாகத் தீட்டினார். 1815இல் வாட்டர்லூப் போர்க்களத்திலே மாண்டு கிடந்த வீரர்களின் பற்கள் பிடுங்கப்பட்டுப் பொய்ப்பற்களாகக் கடைக்கு வந்தன. உயிரை நாட்டுக்குக் கொடுத்தான், பல்லைக் கனவானுக்குக் கொடுத்தான்!

1840இல் பிரிவினைக்குக் கட்டடமே எழும்பிற்று. ஹோரஸ் ஹெய்டன், சேப்பின் ஹாரிஸ் எனும் இருவர், பால்டிமோர் நகரிலே உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினர். சந்தைக் கடையிலே கிடந்த தொழிலைக் கல்வியாக உயர்த்திய அந்தச் செயல் போற்றத்தக்கதே. ஆனால் விளைவு என்ன? உடலுக்கு ஒரு கல்லூரி, பல்லுக்கு வேறொரு கல்லூரி என்றாயிற்று. பின்னர் வந்த சட்டங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் அந்தக் கோட்டையே வேலியாக்கிக்கொண்டன. அந்தப் பால்டிமோர் இருப்பதும் அதே மேரிலாந்திலேதான் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி!

இத்தனைக்கும் மருத்துவ உலகம் பல் மருத்துவருக்குப் பட்ட கடன் சிறிதல்ல. 1844இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து, தம் பல்லையே வலியின்றிப் பிடுங்கச் செய்தார். 1846இல் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் பாஸ்டன் மருத்துவமனையிலே ஈதர் கொடுத்து நோயாளியை மயக்க, கழுத்துக் கட்டி வலியின்றி அகற்றப்பட்டது. அறுவை மருத்துவத்துக்கு மயக்க மருந்தை வழங்கிய துறை, அந்த மருத்துவத்தின் வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்தப்பட்டது!

அரசுகள் வழி கண்டனவா? பிரிட்டனிலே 1911இல் தொழிலாளருக்கான காப்பீட்டுச் சட்டம் வந்தது. மருத்துவர் உண்டு, மருந்து உண்டு; பல்லுக்கோ, காப்பீட்டுச் சங்கத்திடம் பணம் மிஞ்சினால் பார்க்கலாம் என்ற நிலை. தொழிலாளியின் மனைவிக்கும் மக்களுக்கும் அதுவும் இல்லை. பிற்காலச் செலவுக்கு அஞ்சி, மணமாகப் போகும் பெண்ணுக்குப் பற்கள் அனைத்தையும் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டி, அதையே சீதனமாகக் கொடுத்த குடும்பங்கள் அங்கே உண்டு!

1948 ஜூலை 5. சுரங்கத் தொழிலாளியாக இருந்து அமைச்சரான அன்யூரின் பெவன் தேசிய மருத்துவப் பணியைத் தொடங்கி வைத்தார். பல்லுக்கும் கட்டணமில்லை! மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அரசு போட்ட மதிப்பீட்டைத் தேவை தாண்டிற்று. ‘பேராசைக் கூட்டம்’ என்று சிலர் ஏசினர். பேராசையா அது? தலைமுறை தலைமுறையாக அடக்கி வைத்த வலி! 1951இல் கொரியப் போரை ஒட்டிப் படைச் செலவு பெருகியபோது, அரசின் கை முதலிலே நீண்டது பொய்ப்பல்லையும் மூக்குக்கண்ணாடியையும் நோக்கித்தான். அவற்றின் விலையில் ஒரு பகுதியை நோயாளியே கொடுக்கவேண்டும் என்றாயிற்று. கொள்கை பெரிதென்று பெவன் பதவியைத் துறந்தார். 1952இல் பல் சிகிச்சைக்கும் ஒரு பவுன் கட்டணம் வந்தது. 1968இல் எடுத்த கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் வயது வந்தோரில் 37 விழுக்காட்டினருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் கதவு முற்றும் மூடவில்லை. 2009இல் இங்கிலாந்து, வேல்சு, வட அயர்லாந்து ஆகியவற்றிலே அது 6 விழுக்காடாகக் குறைந்தது.

அமெரிக்காவின் கதை வேறு. அங்கே பல் காப்பீட்டுக்கு வழி திறந்தவர்கள் பாட்டாளிகள். 1954இல் பசிபிக் கரையின் துறைமுகத் தொழிலாளர் சங்கம், தம் பிள்ளைகளின் பல்லுக்கு மருத்துவம் வேண்டுமென்று முதலாளிகளோடு உடன்பாடு செய்துகொண்டது. கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலே அதற்கென அமைப்புகள் தோன்றின. ஆனால் 1965இல் முதியோருக்கான ‘மெடிகேர்’ சட்டம் வந்தபோது, வழக்கமான பல் சிகிச்சை வெளியே தள்ளப்பட்டது. முதுமையிலே பல் விழும், சட்டத்திலே பல் இல்லை! எஞ்சிய இடத்தைக் காப்பீட்டுத் தாள்கள் பிடித்துக்கொண்டன.

அந்தத் தாளிலே உள்ள சொற்களைப் பார்ப்போம். புரியாத சொல் புரோகிதரின் மந்திரம் போன்றது. புரிந்தவனுக்கு வருமானம், புரியாதவனுக்குச் செலவு.

‘பிரீமியம்’ என்பது, பல் வலித்தாலும் வலிக்காவிட்டாலும் நாம் கட்டும் தவணை. ‘டிடக்டிபிள்’ என்பது, நிறுவனம் பையைத் திறக்குமுன் ஆண்டுதோறும் நாம் முதலிலே போடவேண்டிய தொகை. ‘கோ-இன்ஷூரன்ஸ்’ என்பது, அதற்குப் பிறகும் ஒவ்வொரு சிகிச்சையிலும் நம் தலையிலே விழும் பங்கு. இந்தப் பங்குக்காகச் சிகிச்சையை மூன்று படிகளாக்கியிருக்கிறார்கள். பல்லைச் சோதித்துக் கறை நீக்குவது தடுப்பு முறை. பெரும்பாலும் முழுச் செலவும் தருவர். சொத்தையை அடைப்பது அடிப்படை முறை. 80 விழுக்காடு வரை தருவர். பல்லுக்கு உறை போடுவது, பாலம் கட்டுவது, பொய்ப்பல் பொருத்துவது பெரிய முறை, பாதிதான் தருவர். பல்லின் வேர்க்குழலைத் துப்புரவாக்கி அடைக்கும் ‘ரூட் கானல்’ சில தாள்களிலே அடிப்படையாகவும், சில தாள்களிலே பெரியதாகவும் இருக்கும். ‘காத்திருப்புக் காலம்’ என்றால், பணம் கட்டத் தொடங்கிய பிறகும் பெரிய சிகிச்சைக்குப் பல திங்கள் பொறுத்திருக்கவேண்டும் என்று பொருள். காப்பீட்டுக்கு முன்பே இழந்த பல்லுக்கு மாற்றுப் பல் கட்டப் பணம் தருவதில்லை என்ற விதியும் பல தாள்களிலே உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே ‘ஆண்டு உச்சவரம்பு’. அமெரிக்கத் திட்டங்கள் பலவற்றிலே அது 1,000 முதல் 2,000 டாலர்.

ஒரு கணக்கு போடுவோம். உச்சவரம்பு 1,000 டாலர், டிடக்டிபிள் 50, பெரிய சிகிச்சைக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல்லுக்கு 2,000 டாலர் செலவு. 50 கழித்தால் 1,950. அதிலே பாதி 975 நிறுவனம் தரும், நாம் தருவது 1,025. அதே ஆண்டிலே மற்றொரு பல்லுக்கும் 2,000 செலவானால், நிறுவனத்திடம் மிச்சமிருப்பது 25 டாலர்தான். நாம் தருவது 1,975!

காப்பீடு எதற்கு? தாங்கவொண்ணாத பெருஞ்செலவு வரும்போது நோயாளியைத் தாங்குவதற்கு. மருத்துவக் காப்பீட்டிலே நோயாளியின் செலவுக்கு வரம்பு தேடுகிறார்கள். பல் காப்பீட்டிலோ நிறுவனத்தின் செலவுக்கு வரம்பு! தூறலுக்கு விரிகிறது குடை, பெருமழை வந்ததும் மடங்கிக்கொள்கிறது. தடுப்பு முறைக்கு முழுச் செலவும் தருவது நல்லதே, அதை மறுக்கவில்லை. ஆனால் பெருமழையிலே நனைபவன் யார் என்பதுதான் கேள்வி.

மேரிலாந்துச் சிறுவனின் சாவு வீண்போகவில்லை. 2009இல் அமெரிக்க அரசு, ஏழைக் குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டிலே பல் சிகிச்சையும் கட்டாயம் இருக்கவேண்டுமெனச் சட்டத்தைத் திருத்திற்று. பிள்ளைக்குப் பல் உண்டு என்பதை ஏற்க ஓர் உயிர் தேவைப்பட்டது!

உயிர்ப்பலி கேளாமலே வழி கண்ட நாடும் உண்டு. நியூசிலாந்திலே 1921இல் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பேணுவதற்கென்றே பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. பிள்ளை மருத்துவரைத் தேடிப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கே சிகிச்சை வந்தது. எழுத்தறிவிக்கும் இடத்திலே ஈறையும் பார்க்கலாம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

நம் வீட்டுப் பெட்டியிலே இருக்கும் மருத்துவக் காப்பீட்டுத் தாளையும் எடுத்துப் பாருங்கள். விலக்குகள் என்ற தலைப்பின் கீழே, விபத்தால் நேர்ந்தாலன்றிப் பல் சிகிச்சைக்குப் பணமில்லை என்ற வரி பல தாள்களிலே இருக்கும். பால்டிமோரிலே போட்ட கோடு நம் வீட்டுப் பெட்டி வரை நீண்டிருக்கிறது!

கையெழுத்திடுமுன் கேளுங்கள்: தவணை எவ்வளவு? நாம் முதலிலே போடவேண்டியது எவ்வளவு? எந்தச் சிகிச்சைக்கு எத்தனை பங்கு? எத்தனை திங்கள் காத்திருப்பு? ஆண்டுக்கு எவ்வளவோடு கை விரிப்பர்? ஐந்து கேள்விகள், எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கலாம். கேட்டுவிட்டு ஆறாவது கேள்வியையும் கேளுங்கள்: பல்லை ஏன் வெளியே நிறுத்தினீர்?

வகுப்பிலே பாடம் சொல்லும்போது, கடைசி வரிசையிலே கன்னத்தைக் கையிலே தாங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நாம் பார்த்திருக்கிறோம். ‘என்னடா?’ என்றால், ‘ஒன்றுமில்லை ஐயா, பல்வலிதான்’ என்கிறான். ஒன்றுமில்லை என்று சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான். இனி வேறு பாடம் கற்றுக்கொடுப்போம்: பல்லும் உடல்தான், அதன் வலியும் வலிதான், அதற்கு மருத்துவம் கேட்பது உரிமைதான்!