கடல் உயிரினப் பூங்காக்களின் தோற்றமும் மாற்றமும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், செயின்ட் அகஸ்டின் நகருக்குத் தெற்கே அட்லாண்டிக் கரையோரம் 1938 ஜூனில் திறக்கப்பட்ட ‘மரைன் ஸ்டுடியோஸ்’, பெயருக்கேற்ப, கடலடிக் காட்சிகளைத் திரைப்படமாக்குவதற்கென்றே கட்டப்பட்டது. எழுத்தாளர் லியோ டால்ஸ்டாயின் பேரன் இலியா டால்ஸ்டாய் அதன் நிறுவனர்களுள் ஒருவர். கடல்நீர் நிரப்பிய பெருந்தொட்டிகளின் சுவர்களில், கப்பலின் வட்டச் சாளரங்களை ஒத்த கண்ணாடித் திறப்புகள் வரிசையாக அமைந்திருந்தன. ஒளிப்பதிவுக் கருவிகளுக்காக அமைந்த அவற்றின் வழியே, பல இன உயிர்கள் ஒரே நீரில் கலந்து வாழ்வதைப் பொதுமக்களும் கண்டனர். ஓஷனேரியம் எனப்படும் இவ்வமைப்பில், 1947இல் ஓங்கில் எனும் டால்பின் குட்டியொன்று பிறந்து வளர்ந்தது ஆய்வாளர்களுக்குப் பெரும் வாய்ப்பாயிற்று.

பயிற்றுவித்த ஓங்கில்களின் சாகசங்கள் கூட்டத்தை ஈர்க்கவே, பார்வையிடம் கேளிக்கையிடமாக மாறியது. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 1964இல் தொடங்கிய ‘சீவேர்ல்டு’, ஓர்க்கா எனும் கொலையாளித் திமிங்கிலத்தைத் தன் அடையாளமாக்கியது. அதன் ஒர்லாண்டோ கிளையில் 1998இல் நீர்ச்சறுக்கு ரோலர் கோஸ்டரும் சேர்ந்தது. 2013இல் வெளியான ‘பிளாக்ஃபிஷ்’ ஆவணப்படம் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின்னர், ஓர்க்கா இனப்பெருக்கத்தை நிறுத்துவதாக 2016இல் அந்நிறுவனம் அறிவித்தது. இந்திய அரசோ 2013இலேயே ஓங்கில் காட்சியகங்களுக்கு அனுமதி மறுத்துவிட்டது. கடலுயிர்களை மக்களுக்கு நெருக்கமாக்கியது இப்பூங்காக்களின் மெய்யான சாதனை. ஆயினும், நெடுந்தூரம் நீந்தித் திரியும் பாலூட்டிகளைத் தொட்டியில் அடைத்து வேடிக்கை காட்டுவதற்கு அச்சாதனை நியாயமாகாது.